'தட்' என்னும் சின்னஞ்சிறு சொல்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் வாக்கு. உதவும் என்பது உண்மையே. ஆனால் பார்த்துக் குத்தாவிட்டால் ஈறு புண்ணாகும் என்பதும் உண்மை. ஆங்கில மொழியிலே நான்கே எழுத்துகளால் ஆன ஒரு துரும்பு உண்டு. அதுதான் 'தட்' என்னும் சொல். தொடக்கப் பள்ளிக் குழந்தையைக் கேட்டாலும், "தட் என்றால் அது, அந்த" என்று பாடமாகச் சொல்லிவிடும். மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய நாங்கள் ஆண்டு மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை என்று தோழியர் நகைக்கலாம். சென்ற கல்வியாண்டு வரை நாங்களும் அப்படித்தான் நகைத்திருப்போம். இப்போது நகைப்பு வரவில்லை. காரணத்தைக் கூறுகிறோம், கேளுங்கள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டிக்கு முழங்கால் வலியும் இரத்தக் கொதிப்பும் உண்டு. சில நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும்போது, மூன்று வகை மாத்திரைகளும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளும் கொடுத்தனுப்பினார்கள். தந்தை வெளியூரில் வேலை பார்க்கிறார். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் அந்தத் தாளை வாசிக்கக் கூடியவள் எங்கள் தோழி ஒருத்திதான். அவளும் பெருமையோடு வாசித்தாள். ஒரு வாரம் கழித்துச் செய்ய வேண்டியது என்று அதில் ஒரு வரி இருந்தது: "ஸ்டாப் தி டேப்லெட்ஸ் தட் வேர் கிவன் ஃபார் பெயின்."

தோழி ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கூட்டினாள். 'ஸ்டாப் தி டேப்லெட்ஸ்', மாத்திரைகளை நிறுத்துக. 'தட்', அது. 'வேர் கிவன் ஃபார் பெயின்', வலிக்காகக் கொடுக்கப்பட்டது. ஆக, "மாத்திரைகளை நிறுத்த வேண்டும், அது வலிக்காகக் கொடுத்தது" என்று தாய்க்கு எடுத்துச் சொன்னாள். வலியும் குறைந்திருந்தது. மூன்று வகை மாத்திரைகளும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்ப் பரணில் ஏறின.

ஒன்பதாம் நாள் காலை, வாசல் தெளிக்கக் குனிந்த பாட்டி தலைசுற்றிக் கீழே அமர்ந்துவிட்டார். திரும்பவும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரத்தக் கொதிப்பு மிகவும் ஏறியிருந்தது. "பிரஷர் மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று செவிலியர் கேட்டபோது, தோழி அந்தத் தாளை நீட்டினாளாம். செவிலியர் ஒருமுறை வாசித்துவிட்டு, "வலிக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும்தானம்மா நிறுத்தச் சொல்லியிருக்கிறது" என்றாராம்.

இறைவன் அருளால் பாட்டி நலமடைந்தார். "நீ என்னடி செய்வாய், தாளில் இருந்ததைத்தானே வாசித்தாய்" என்று பேத்தியைத் தேற்றியவரும் அவரே. ஆனால் தோழிக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று, கண்கலங்க ஒன்று சொன்னாள்: "டீச்சர், அந்த வரியிலே எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை."

அந்தச் சொற்கள் எங்கள் நெஞ்சில் தைத்தன. அவளுடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். மருந்துத் தாள்களைத் தமிழிலும் தர வேண்டும் என்று எங்களுக்கு ஒரு கருத்து உண்டு; அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே நாங்கள் பேச விரும்புவது எங்கள் படிப்பைப் பற்றி. எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்த ஒருத்தி, ஒரு சிறு வாக்கியத்தில் எப்படித் தடுக்கி விழுந்தாள்? சொல்லுக்குப் பொருளை மட்டும் படித்தாள். அச்சொல் வாக்கியத்தில் செய்யும் வேலையைப் படிக்கவில்லை. அவள் மட்டுமல்ல, நாங்கள் யாருமே படிக்கவில்லை.

இதை நாங்கள் வெறுமனே சொல்லவில்லை. அன்று ஆசிரியை அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, "இதிலே 'தட்' என்பது என்ன?" என்று வகுப்பைக் கேட்டார்கள். "டெமான்ஸ்ட்ரேடிவ் புரோனவுன்!" என்று பெரும்பாலோர் ஒரே குரலில் முழங்கினோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்த பெயர் அது. முழக்கம் பெரிது, விடை தவறு. ஆசிரியை சற்று நேரம் சிந்தித்துவிட்டு, அடுத்த வகுப்பறையிலிருந்த எங்கள் தமிழம்மாவை அழைத்து வந்தார்கள். இரண்டு ஆசிரியைகள் ஒரே கரும்பலகைக்கு முன் நின்றதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். அந்த முக்கால் மணி நேரத்தில் கற்றதைத் தோழியருக்கும் சொல்லிவிடுகிறோம்.

'தட்' என்பது ஒரு சொல்லாகத் தோன்றினாலும், அது குறைந்தது ஐந்து வேலை பார்க்கிறது.

முதலாவது, சுட்டும் வேலை. 'தட் கேர்ள்' என்றால் அந்தப் பெண். 'தட் இஸ் அவர் ஸ்கூல்' என்றால் அது எங்கள் பள்ளி. முன்னது பெயரோடு ஒட்டி நிற்கிறது. பின்னது பெயருக்குப் பதிலாகத் தனியே நிற்கிறது. இரண்டும் விரல் நீட்டிக் காட்டும் வேலையே. தமிழிலே 'அ' என்னும் சுட்டெழுத்து செய்யும் வேலையும் இதுதான். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருமையைப் பன்மையாக்கிப் பாருங்கள். 'தட் கேர்ள்' என்பது 'தோஸ் கேர்ள்ஸ்' என்று மாறும். 'தட்' என்பது 'தோஸ்' ஆக மாறினால் அது சுட்டு. மாறாவிட்டால் வேறு ஏதோ வேலை பார்க்கிறது என்று அறிக. பாட்டியின் தாளிலே 'டேப்லெட்ஸ்' என்று பன்மை இருந்தும் 'தட்' மாறாமல் நின்றது அல்லவா? அது சுட்டு அன்று என்பதற்கு அந்த வரியிலேயே சாட்சி இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

இரண்டாவது, பொறுக்கி எடுக்கும் வேலை. 'ரிலேட்டிவ் புரோனவுன்' என்று இலக்கண நூல் இதற்குப் பெயர் சூட்டும். 'தி புக் தட் ஐ பாட்' என்றால், நான் வாங்கிய புத்தகம். 'தி பஸ் தட் கோஸ் டு தி மார்க்கெட்' என்றால், சந்தைக்குப் போகும் பேருந்து. தமிழிலே இதற்குத் தனிச் சொல் கிடையாது. வாங்கிய, போகும், கொடுத்த என்று வினையே பெயரெச்சமாகி, பெயருக்கு முன்னால் வந்து அமர்ந்துகொள்ளும். அம்மா முறத்திலே அரிசியைப் புடைத்துக் கல்லையும் நெல்லையும் வேறாக்குவதுபோல, இந்தத் 'தட்' பலவற்றிலிருந்து சிலவற்றை வேறாக்குகிறது. பாட்டியின் தாளில் இருந்தது இதுவே. "வலிக்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளை நிறுத்துக" என்பதே அதன் பொருள். 'கொடுக்கப்பட்டது' என்று வினைமுற்றாகச் சொன்னபோது எல்லா மாத்திரையும் பரணில் ஏறிற்று. 'கொடுக்கப்பட்ட' என்று பெயரெச்சமாகச் சொல்லியிருந்தால் ஒன்று மட்டும் நின்றிருக்கும். ஒரு 'து' எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டது பார்த்தீர்களா?

மூன்றாவது, இணைக்கும் வேலை. 'ஐ நோ தட் ஷி இஸ் ஹானஸ்ட்' என்றால், அவள் நேர்மையானவள் என்று எனக்குத் தெரியும். இங்கே 'தட்' எதையும் சுட்டவில்லை, எதையும் பொறுக்கவில்லை. ஒரு முழு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தோடு கோத்து நிற்கிறது. தமிழிலே 'என்று' என்பது இந்த வேலையைச் செய்கிறது. கீழ் வகுப்பில் படித்தபோது, 'ஐ திங்க் தட் ஷி இஸ் இல்' என்பதை "நான் நினைக்கிறேன் அந்த அவள் நோயாளி" என்று எங்களில் ஒருத்தி மொழிபெயர்த்தாள், வகுப்பே சிரித்தது. சிரித்த எங்களுக்கும் அது ஏன் தவறு என்று சொல்லத் தெரியாது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

நான்காவது, விளைவு காட்டும் வேலை. 'ஷி வாஸ் ஸோ டயர்ட் தட் ஷி ஸ்லெப்ட் இன் தி பஸ்' என்றால், பேருந்திலேயே தூங்கிவிடும் அளவுக்குக் களைத்திருந்தாள். இந்த வாக்கியத்தில் முன்னே வரும் 'ஸோ' என்பதும் பின்னே வரும் 'தட்' என்பதும் இரட்டைப் பிள்ளைகள். முன்னவனைக் கண்டால் பின்னவனைத் தேட வேண்டும்.

ஐந்தாவது, அளவு காட்டும் வேலை. 'இட் இஸ் நாட் தட் ஃபார்' என்றால், அவ்வளவு தொலைவில் இல்லை. பேச்சு வழக்கில் மிகுதியாக வரும் இதற்கு நம்முடைய 'அவ்வளவு' சரியாகப் பொருந்துகிறது.

தோழியரே, இந்த ஐந்தையும் சற்றே எட்ட நின்று பாருங்கள். அந்த, அது; வாங்கிய; என்று; அளவுக்கு; அவ்வளவு. ஆங்கிலம் ஒரே சொல்லால் செய்வதைத் தமிழ் வெவ்வேறு உருவங்களால் செய்கிறது. ஆகவே ஓர் ஆங்கில வாக்கியத்தில் 'தட்' என்ன வேலை பார்க்கிறது என்று ஐயம் எழுந்தால், முழு வாக்கியத்தின் கருத்தையும் தமிழில் சொல்லிப் பார்த்தால் போதும். தமிழ் தானே காட்டிக் கொடுத்துவிடும். மிகக் கடினமான இடத்திலும் இந்த விளக்கு அணைவதில்லை. இரண்டு தொடர்களைப் பாருங்கள். 'தி நியூஸ் தட் ஷி ப்ராட்'. 'தி நியூஸ் தட் ஷி கேம் ஃபர்ஸ்ட்'. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே அமைப்பு. தமிழில் சொல்லுங்கள். அவள் கொண்டு வந்த செய்தி. அவள் முதலாவதாக வந்தாள் என்ற செய்தி. முன்னதிலே வெறும் பெயரெச்சம். பின்னதிலே 'என்ற' வந்துவிட்டது. முன்னது பொறுக்கும் 'தட்'. பின்னது இணைக்கும் 'தட்'.

ஆங்கில வழியிலும் இதைச் சோதிக்கலாம். 'தட்' என்பதற்குப் பின்னால் வருவதை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். 'ஷி கேம் ஃபர்ஸ்ட்' என்பது முழு வாக்கியம். அதில் எதுவும் குறையவில்லை. ஆகவே அங்கே 'தட்' இணைப்புச் சொல். 'ஷி ப்ராட்' என்று நிறுத்தினாலோ, எதைக் கொண்டு வந்தாள் என்ற கேள்வி எழுகிறது. அங்கே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்துக்குரிய பொருளையே 'தட்' தாங்கி நிற்கிறது. அங்கே 'தட்' என்பதற்குப் பதில் 'விச்' என்று போட்டாலும் பொருந்தும். ஆட்களைக் குறிக்கும் இடமானால் 'ஹூ' பொருந்தும். 'தி நியூஸ்' என்ற இரண்டாம் தொடரில் 'விச்' போட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

காதுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 'ஐ நோ தட் மில்க் இஸ் குட்' என்று ஒரு வாக்கியம். எழுத்திலே பார்த்தால் இதற்கு இரண்டு பொருள். பால் நல்லது என்று எனக்குத் தெரியும் என்பது ஒன்று. அந்தப் பால் நல்லதென்று எனக்குத் தெரியும் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தை நன்கு பேசுவோர் வாயில் கேட்டால் குழப்பமே இல்லை. சுட்டும் 'தட்' என்பதை அழுத்தி, உயிரெழுத்து முழுதாக ஒலிக்கச் சொல்வார்கள். இணைக்கும் 'தட்' என்பதையோ, உயிரெழுத்து தேய்ந்து மெலியுமாறு விரைந்து சொல்லி நகர்ந்துவிடுவார்கள். பொறுக்கும் 'தட்' என்பதற்கும் அதே மெலிந்த ஒலிதான். நாங்களோ எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் தாளம் போட்டு வாசித்துப் பழகியிருந்தோம். வேலையை அறிந்தால்தான் வாசிப்பும் செம்மைப்படும் என்று இதனால் உணர்ந்தோம்.

சுட்டுச் சொல் எப்படி இணைப்புச் சொல் ஆயிற்று என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அதற்குக் கிடைத்த விடை ஒரு கதைபோல் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலே 'தட்' என்பது சுட்டுப் பெயர்தான். 'தி' என்று இன்று நாம் எழுதும் சொல்லும் அதே சுட்டுக் குடும்பத்தில் பிறந்ததே. "எனக்கு அது தெரியும்: அவள் வந்தாள்" என்று முதலில் விரல் நீட்டிக் காட்டிவிட்டுப் பிறகு செய்தியைச் சொன்னார்கள். காலப்போக்கில் அந்தச் சுட்டு விரலே இரண்டு வாக்கியங்களை முடிச்சிடும் கயிறாகிவிட்டது. தமிழ் வேறு வழியில் நடந்தது. 'என்று' என்பது 'என்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. சொல்லி என்பதே அதன் மூலப் பொருள். ஆங்கிலம் சுட்டிக் காட்டி இணைத்தது. தமிழ் சொல்லிக் காட்டி இணைத்தது. வெவ்வேறு வழியில் நடந்த இரண்டு மொழிகளும் சென்று சேர்ந்த இடம் ஒன்றே. இதை அறிந்தபோது எங்களுக்கு இரு மொழிகளின் மேலும் அன்பு பிறந்தது என்றால் மிகையன்று.

தமிழ் இவ்வளவு தெளிவாக இருப்பதால் ஆங்கிலம் தாழ்ந்தது என்று நாங்கள் சொல்வதாக எண்ண வேண்டாம். தமிழ் தடுமாறும் இடமும் உண்டு. 'புலி கொல் யானை' என்று பழைய உரையாசிரியர்கள் ஒரு தொடரைக் காட்டுவார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொடரை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல இயலாது. தொல்காப்பியரே இத்தகைய தடுமாற்றத்துக்கு விதி வகுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலோ 'தி எலிஃபன்ட் தட் கில்ட் தி டைகர்' என்றால் யானை கொன்றது; 'தி எலிஃபன்ட் தட் தி டைகர் கில்ட்' என்றால் புலி கொன்றது. ஐயத்துக்கே இடமில்லை. ஆங்கிலம் மயங்கும் இடத்தில் தமிழ் விளக்கேற்றுகிறது. தமிழ் மயங்கும் இடத்தில் ஆங்கிலம் விளக்கேற்றுகிறது. அக்காள் தங்கைபோல் இரண்டையும் அருகருகே அமர்த்திப் படிப்பதற்கு மாறாக, ஒரு மணி அடித்தால் ஒருத்தியை வெளியே தள்ளி மற்றொருத்தியை உள்ளே விடுகிறோமே, இது முறைதானா?

இங்கேதான் எங்கள் கருத்தைப் பணிவோடும் துணிவோடும் முன்வைக்கிறோம். ஆங்கில வகுப்பிலே தமிழுக்கு இடம் வேண்டும். ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் கற்பிக்க வேண்டும். ஆங்கில ஆசிரியையும் தமிழாசிரியையும் மாதம் ஒரு பாடவேளையாவது ஒரே கரும்பலகைக்கு முன் நிற்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்க வேண்டும். மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே பேசும் பெண்ணுக்கு நா எழாது. தமிழை உள்ளே விட்டால் மாணவியர் சோம்பிப் போய் ஆங்கிலம் பேசவே மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இதிலே உண்மை இல்லாமல் இல்லை. பேசிப் பழகும் நேரத்தில் ஆங்கிலமே பேச வேண்டும். தட்டுத் தடுமாறியேனும் பேச வேண்டும். நீச்சல் கற்பவள் கரையைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் ஆழம் எங்கே, சுழல் எங்கே என்று இறங்குமுன் தெரிந்துகொள்வதற்குத் தாய்மொழியில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குற்றம்? பேசுவதற்கு ஆங்கிலமும், இலக்கணத்தின் நுட்பத்தை உணர்வதற்குத் தமிழும் என்று பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை. தமிழில் ஒரு சொல் பேசினால் மாணவிக்கு அபராதம் விதிக்கும் பள்ளிகளும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அபராதத்துக்கு அஞ்சிய குழந்தை ஆங்கிலம் பேசக் கற்கலாம்; "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல மட்டும் கற்காது. புரியவில்லை என்று சொல்லாத குழந்தைதான் பின்னொரு நாள் பாட்டியின் மருந்துத் தாளைத் தவறாக வாசிக்கிறது.

இலக்கண நூல்களைக் குறை கூறுவதும் எங்கள் நோக்கமன்று. ரென், மார்ட்டின் ஆகிய இருவரும் இயற்றிய ஆங்கில இலக்கண நூல் நம் நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறைகளாக வழங்கி வருகிறது. அதிலே 'தட்' என்பதன் வேலைகள் தக்கபடி விளக்கப்பட்டே இருக்கின்றன. ஆனால் பெயரடையைப் பற்றிய பாடத்தில் ஒன்று, பிரதிப்பெயர் பாடத்தில் ஒன்று, இணைப்புச் சொல் பாடத்தில் ஒன்று என்று அவை பிரிந்து கிடக்கின்றன. மாணவியோ ஒரு பாடம் முடிந்ததும் அதை மறந்து அடுத்ததற்குப் போகிறாள். சிதறிய மணிகளை ஒரு நூலில் கோத்துக் காட்டுவது ஆசிரியரின் கையில் இருக்கிறது. எங்கள் ஆசிரியை அன்று செய்தது அதைத்தான்.

ஒன்றுபோல் தோன்றுவதை வேறு பிரித்துக் காட்டுவது எவ்வளவு பெரிய தொண்டு என்பதற்கு நமக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்த வீரமாமுனிவரை அறியாதார் யார்? அவர் தமிழைக் கற்ற காலத்திலே சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின. படிப்பவர் இடமறிந்துதான் உணர வேண்டும். குறிலையும் நெடிலையும் வேறு தெரியுமாறு எழுதும் முறையை வகுத்தவர் என்று தமிழுலகம் அவரை நன்றியோடு போற்றுகிறது. 'தொன்னூல் விளக்கம்' என்னும் இலக்கணத்தைத் தமிழிலே இயற்றிய அவர், அயல்நாட்டார் தமிழ் கற்பதற்காக இலத்தீன் மொழியிலும் தமிழ் இலக்கணம் எழுதினார். சிந்தித்துப் பாருங்கள். தமிழ் கற்க வந்த துறவியருக்கு அவர்கள் அறிந்த மொழியின் வாயிலாகவே தமிழை விளக்கினார் அவர். அன்று அவர்களுக்கு இலத்தீன் துணை நின்றது. இன்று எங்களுக்குத் தமிழ் துணை நிற்கக் கூடாதா?

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே! ஒரு சொல்லின் பெயரை மட்டும் எழுதினால் மதிப்பெண் தரும் வினாக்களைக் குறையுங்கள். அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது, அதை நீக்கினால் என்ன ஆகும், தமிழில் அதை எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். தொடக்கத்தில் எங்கள் மதிப்பெண் சற்றுக் குறையலாம். குறையட்டும்; வாழ்க்கையில் நாங்கள் எழுதப் போகும் தேர்வுகளில் அது பன்மடங்காகத் திரும்பி வரும்.

அன்பான பெற்றோரே! விருந்தினர் முன் உங்கள் மகள் நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் மகிழுங்கள், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வங்கிப் படிவம், காப்பீட்டுத் தாள், மருந்துத் தாள் என்று வீட்டுக்கு வரும் காகிதங்களை அவளிடம் கொடுத்து, "இதைத் தமிழிலே எங்களுக்குச் சொல்லம்மா" என்று கேளுங்கள். அவள் தயங்கினால் கடிந்துகொள்ளாதீர்கள். "நாளைக்கு டீச்சரிடம் கேட்டு வா, அதுவரை பொறுத்திருப்போம்" என்று சொல்லுங்கள். ஐயம் இருக்கும்போது அவசரப்படாமல் கேட்டுத் தெளிவதும் கல்வியே என்பதை அவள் உங்களிடம்தான் கற்க வேண்டும்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அகராதியில் பொருள் பார்ப்பதோடு படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். 'ஆஸ்', 'சின்ஸ்', 'லைக்', 'பட்' என்று 'தட்' போலவே பல வேலை பார்க்கும் சிறு சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் பல உண்டு. பெரிய பெரிய சொற்கள் நம்மை ஏமாற்றுவதில்லை. தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டுவோம். சிறிய சொற்களே ஏமாற்றும். தெரிந்ததுபோல் இருப்பதால் நாம் புரட்டுவதே இல்லை. ஒரு வாரத்துக்கு ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது பார்க்கும் வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் அதே வேலையைச் செய்வது எது என்று எழுதுங்கள். தமிழம்மாவிடமும் காட்டுங்கள், ஆங்கில ஆசிரியையிடமும் காட்டுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது அவ்விதமே செய்கிறோம். பன்னிரண்டு சொற்கள் முடிந்திருக்கின்றன.

பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் வருந்துவீர்கள். அவர் இப்போது நலமாக இருக்கிறார். சென்ற மாதம் மருத்துவமனையிலிருந்து புதிய தாள் ஒன்று வந்ததாம். தோழி அதை ஒருமுறைக்கு மூன்றுமுறை வாசித்து, ஒவ்வொரு 'தட்' என்பதன் கீழும் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் 'கொடுத்த', 'என்று', 'அந்த' என்று தமிழில் எழுதி வைத்தாளாம். பிறகு, ஒன்று மட்டும் ஐயமாக இருக்கிறது என்று சொல்லி, தாளை மடித்து வகுப்புக்கே கொண்டு வந்துவிட்டாள். பாட்டியும், "மெதுவாகக் கேட்டுக்கொண்டு வாடி, மாத்திரை எங்கும் ஓடிவிடாது" என்று சொல்லி அனுப்பினாராம்.

அந்த ஒரு வரியை எங்கள் வகுப்பே கூடி வாசித்தது. இந்த முறை யாரும் முழங்கவில்லை. எல்லாரும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தோம்.

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்